பன்னிரண்டில் இரண்டு

நுகர்வோர் மன்றத்தில் மெடிக்ளெய்ம் வழக்கு நடத்துகிறவர்களுக்கு ஒன்று பழகிப்போயிருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனி தரப்பில் சாட்சி சொல்ல ஆள் வராது. டிஸ்சார்ஜ் சம்மரி வரும். அதில் ஏதோ ஒரு வரியின் மேல் மஞ்சள் மை பூசியிருக்கும். வழக்கின் மிச்சமெல்லாம் அந்த ஒற்றை வரியோடு நடக்கும் மல்லுக்கட்டுதான்.

நான் சொல்லப்போகும் வழக்கில் அந்த மஞ்சள் வரி, நோயாளிக்குப் பன்னிரண்டு வருடமாக ரத்தக்கொதிப்பு உண்டு என்றது.

நோயாளி எங்கள் ஊரில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. தென்மாவட்டத்தில் கடை வைத்திருப்பவர் எல்லோருமே அண்ணாச்சிதான் என்பதால் பெயர் சொல்லாமலே கதையை நடத்திவிடலாம். 2012-இல் தனக்கும் மனைவிக்குமாக ஒரு தனியார் கம்பெனியில் மூன்று லட்ச ரூபாய்க்குப் பாலிசி எடுத்தார். ஏஜென்ட், மனைவி வழிச் சொந்தம். வருஷா வருஷம் தேதி தவறாமல் பிரீமியம் கட்டினார். 2015 ஜூலையில் ஒருநாள் கடை அடைக்கும் நேரத்தில் நெஞ்சுவலி. ஊரிலேயே பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு அடைப்பு, இரண்டு ஸ்டென்ட். ஆள் பிழைத்துக்கொண்டார். பில் 2,86,000 ரூபாய்.

சேர்த்த அன்று கேஷ்லெஸ் முறையில் ஐம்பதாயிரத்துக்கு அனுமதி வந்திருக்கிறது. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று மத்தியானம், அந்த அனுமதியும் ரத்து என்று, கம்பெனிக்காக க்ளெய்ம்களைக் கவனிக்கும் டிபிஏ-விடமிருந்து மெயில் வந்தது. பணம் கட்டினால்தான் கேட் பாஸ். மனைவி கழுத்தில் கிடந்ததும் பீரோவில் இருந்ததும் வங்கிக்குப் போய், சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணாச்சி வீடு வந்து சேர்ந்தார். பில்லில் ஸ்டென்ட் ஒவ்வொன்றும் லட்சத்துக்கு மேலே. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு தலையிட்டு, மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய், சாதாரண ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய் என்று உச்சவிலை வைத்தது. அண்ணாச்சிக்கு ஒன்றரை வருஷம் முன்னாலேயே நெஞ்சு வலித்துவிட்டது.

பிறகு நிராகரிப்புக் கடிதம். அதில் குற்றச்சாட்டு இரண்டு. ரத்தக்கொதிப்பு பாலிசிக்கு முன்பே இருந்த நோய். அதற்கான நான்கு வருடக் காத்திருப்புக் காலம் முடியவில்லை. அதோடு, விண்ணப்பப் படிவத்தில் அதை மறைத்திருக்கிறார். ஆகவே பாலிசியே ரத்து. முதல் குற்றச்சாட்டில் போவது ஒரு க்ளெய்ம். இரண்டாவதில் போவது மனிதருக்கு இனிமேல் கிடைக்கக்கூடிய காப்பு அத்தனையும். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த, 'மறைத்தவர்' என்று பெயரெடுத்த ஐம்பத்தொரு வயதுக்காரருக்கு வேறு எந்தக் கம்பெனி பாலிசி கொடுக்கும்?

"எனக்கு பிரஷர் இருக்குன்னு எனக்கே மே மாசம்தான சார் தெரியும்" என்றார். ஏதோ ஒரு இலவச முகாமில் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். மாத்திரை வாங்கிய முதல் பில்லை மனைவி பத்திரமாக வைத்திருந்தார். சென்னையில் காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் இருக்கிறார், அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் கூடாது என்பதையும் சொன்னேன். எனக்கு நஷ்டமான யோசனைதான். கடையை விட்டுவிட்டுச் சென்னைக்கு அலைய முடியாது என்று வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார்.

அண்ணாச்சி தன்னுடைய விண்ணப்பப் படிவத்தை முதன்முதலாகப் பார்த்தது, கம்பெனி அதை மன்றத்தில் தாக்கல் செய்த பிறகுதான். பாலிசி கொடுத்த முப்பது நாளுக்குள் படிவத்தின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று அன்று அமலில் இருந்த 2002-ஆம் வருடத்துப் பாலிசிதாரர் பாதுகாப்பு ஒழுங்குமுறை சொன்னது. தந்ததில்லை. நகலைக் கையில் வாங்கிப் பார்த்தேன். இதயநோய், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, சிறுநீரகம் என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம். யாரும் எந்தக் கட்டத்திலும் டிக் போடவில்லை. 'இல்லை' கட்டங்களின் வழியாக மேலிருந்து கீழே ஒரே கோடு, கொஞ்சம் வளைந்து, நீல மையில். கீழே கறுப்பு மையில் அண்ணாச்சியின் தமிழ்க் கையெழுத்து. மேலே அத்தனையும் ஆங்கிலம்.

"இந்தக் கோட்டைப் போட்டது யாரு அண்ணாச்சி?"

"மச்சினன்தான். 'நீங்க கையெழுத்த மட்டும் போடுங்க அத்தான், மத்தத நான் பாத்துக்கிடுதேன்'னான்."

இதை வைத்து மட்டும் வழக்கை ஜெயிக்க முடியாது. கையெழுத்துப் போட்டவரைத்தான் படிவம் கட்டுப்படுத்தும். படித்துப் பார்க்கவில்லை என்பது எதிர்வாதமாகாது. 2009-இல் சத்வந்த் கவுர் சந்து வழக்கில் உச்ச நீதிமன்றம், நாள்பட்ட சர்க்கரை நோயை மறைத்து எடுத்த மெடிக்ளெய்மை நிராகரித்தது சரிதான் என்று சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தீர்ப்பைக் கையோடு வைத்திருப்பார் என்பது தெரிந்ததே. ஆகவே கேள்வி ஒன்றுதான்: பன்னிரண்டு வருஷம் என்று யார் சொன்னது?

ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கேஸ் ஷீட் முழுவதையும் கேட்டோம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 விதிகளில் இருக்கிறது. விதியைக் காட்டியும் இழுத்தடித்துத்தான் கொடுத்தார்கள். ஒரு கட்டு ஜெராக்ஸ். அதை என் மதினியிடம் கொண்டுபோனேன். அரசு ஆஸ்பத்திரிகளில் முப்பது வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டர்கள் கையெழுத்தைப் படிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் தாளை, அதாவது கேஷுவாலிட்டியில் டூட்டி டாக்டர் அவசரத்தில் கிறுக்கிய தாளை, வெளிச்சத்தில் பிடித்தார். ரத்தக்கொதிப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம். பக்கத்தில் 2, ஒரு சாய்கோடு, 12.

"பன்னிரண்டு வருஷமுன்னு எவன் சொன்னான் தம்பி? இது ரெண்டு மாசம்லா. வருஷத்துக்குப் பன்னிரண்டு மாசம், அதுல ரெண்டு. நாளுன்னா கீழ ஏழு போடுவாங்க, வாரமுன்னா அம்பத்திரண்டு போடுவாங்க. காலங்காலமா இப்படித்தான் எழுதுவாங்க."

மே மாசம் தெரிந்த நோய்க்கு ஜூலையில் இரண்டு மாசம். கணக்கு உட்கார்ந்துவிட்டது. கேஷுவாலிட்டி தாளைப் பார்த்து டிஸ்சார்ஜ் சம்மரியைத் தட்டச்சு செய்தவர் 2-ஐ விட்டுவிட்டு 12-ஐ எடுத்துக்கொண்டு வருஷத்தையும் சேர்த்துவிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன, இதற்கென்று படித்தவரா அவர்? ஆஸ்பத்திரிதான் திருத்தித் தர மறுத்தது. கம்ப்யூட்டரில் அந்தக் கணக்கை மூடியாகிவிட்டது, இனித் திறக்க முடியாது என்றார்கள். தவறு என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்குத் தங்கள் மேலேயே வழக்கு வரும் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். அவர்களையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க நான் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசியில் அந்த டூட்டி டாக்டரையே தேடிப் பிடித்தோம். மேற்படிப்புக்காக வெளியூர் மருத்துவக் கல்லூரிக்குப் போயிருந்தார். சின்னப் பெண். கையெழுத்து தன்னுடையதுதான், எழுதியது இரண்டு மாதம்தான் என்று பிரமாண வாக்குமூலம் கொடுத்தார். கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் அவருக்கு இல்லை.

விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு முயற்சி செய்தார். 2/12 என்பதை டிசம்பர் 2-ஆம் தேதி என்றும் எடுத்துக்கொள்ளலாமே என்றார். அட்மிஷன் ஜூலையில் ஆயிற்றே, எந்த டிசம்பர் என்று மன்றத் தலைவர் கேட்டார். நண்பர் தாளைப் புரட்டினார். நல்ல வக்கீல் அவர். கையில் வேறு சரக்கு இல்லாதபோது நாங்கள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, 2017-இல், அண்ணாச்சி கடை லோடுமேனுக்கும் நெஞ்சுவலி வந்தது. ஒயர் கட்டுகளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு மாடி ஏறும் ஆள். வீட்டில் இருந்தபோது வலித்ததால் 108-க்கு அடித்திருக்கிறார்கள். வண்டி நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். கட்டில் கிடைக்காமல் இரண்டு நாள் பாயில் கிடந்தார். பிறகு ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை அவரிடம் இருந்தது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, ஆட்சி மாறி, 2012 ஜனவரியிலிருந்து இந்தப் பெயரில் நடக்கும் திட்டம். அன்றைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பிறகு 1,20,000 ஆக்கினார்கள். லோடுமேன் கட்டிய சிகிச்சைக் கட்டணம் பூஜ்யம். மாதாமாதம் மாத்திரை வாங்க ஒரு நோட்டுப் போட்டுக் கொடுத்து அனுப்பினார்கள்.

அவரைப் பார்க்கப் போயிருந்தபோது வக்கீல் புத்தியில் ஒன்று கேட்டேன். உள்ளே போனதும் என்னவெல்லாம் விசாரித்தார்கள்?

"பிரஷர் இருக்கா, சுகர் இருக்கா, பீடி குடிப்பியான்னு கேட்டாங்க சார். இருபது வருசமா குடிக்கேன்னேன். டாக்டரம்மா கன்னாபின்னான்னு ஏசிட்டாங்க."

நான் சிரித்துவிட்டேன். பிறகு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஆஸ்பத்திரியிலும் கேட்டது ஒரே கேள்வி. லோடுமேன் உண்மையைச் சொன்னதற்கு விலை, நாலு ஏச்சு. அண்ணாச்சியின் வீட்டார் உண்மையைச் சொன்னார்கள். அது எழுதப்பட்டு, பிசகாகத் தட்டச்சாகி, மஞ்சள் மை பூசி, அவருக்கு எதிரான பி-4 ஆவணமாக மன்றத்துக்கு வந்தது. வலியோடு கிடக்கும் ஆள் டாக்டரிடம் சொல்வது வாக்குமூலம் ஆகிவிடுகிற ஏற்பாடு இது.

லோடுமேனுக்கும் ஒரு குறை இருந்தது. ஸ்ட்ரெச்சர் தள்ள ஒருவன் இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டானாம். "மொதலாளிக்கு கேஸ் போட்ட மாதிரி எனக்கும் ஒண்ணு போடுங்க சார்" என்றார். முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், டாக்டர்களும் நுகர்வோர் சட்டத்துக்குள் வருவார்கள் என்று சொன்ன கையோடு, எல்லோருக்கும் இலவசமாகவே வைத்தியம் பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி அதற்குள் வராது என்றும் சொல்லியிருக்கிறது. காசு கொடுத்தவர்தான் நுகர்வோர்.

"அதான் எரநூறு குடுத்தேன்லா?"

அந்த இருநூறுக்கு ரசீது இல்லையே என்றேன். அவருக்குப் புரிந்து, ரொம்ப நேரம் சிரித்தார்.

சட்டத்தில் அவருக்கு வழியே இல்லை என்று அர்த்தமில்லை. 1996-இல் மேற்கு வங்க வழக்கு ஒன்று. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளியை ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியாக இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவசர சிகிச்சை அரசியல் சட்டம் தரும் உயிர் வாழும் உரிமை என்று சொல்லி 25,000 ரூபாய் தரவைத்தது உச்ச நீதிமன்றம். ஆனால் அதற்கு ரிட் மனு போட வேண்டும். ஸ்ட்ரெச்சருக்கு இருநூறு வாங்கியதற்காக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு யார் போவார்கள்? போகாததால்தான் அந்த இருநூறு நின்றபாடில்லை. இந்தப் பக்கத்தையும் நான் பூசி மெழுக விரும்பவில்லை. பாயில் கிடந்த இரண்டு நாளும் வராண்டாவில் மின்விசிறி இல்லை.

ஆனாலும் யாராவது என்னிடம் எந்த ஏற்பாடு மேல் என்று கேட்டால், வாசலில் படிவம் நீட்டாத ஏற்பாடுதான் மேல் என்று சொல்வேன். நானும் தனியார் பாலிசிக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறவன்தான். பிழைத்து வந்தபின் கேள்வி கேட்டுக்கொள்ளலாம் என்பவன் ஒரு பக்கம், உள்ளே வரும்போதே பதிலைக் குறித்து வைத்துக்கொள்பவன் ஒரு பக்கம். நெஞ்சுவலி வரும் நேரத்தில் எந்தப் பக்கம் நிற்க விரும்புவேன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

2018-இல் உத்தரவு வந்தது. டிஸ்சார்ஜ் சம்மரி தன்னைத் தானே நிரூபித்துக்கொள்ளாது. மூலத் தாளில் இருப்பது இரண்டு மாதம். எழுதிய டாக்டரே அதைச் சொல்லியிருக்கிறார். 2,86,000 ரூபாயை ஒன்பது சதவீத வட்டியோடு தர வேண்டும், மன உளைச்சலுக்கு இருபத்தைந்தாயிரம், செலவுத்தொகை ஐயாயிரம். கம்பெனி சட்டப்படி 25,000 ரூபாயைக் கட்டிவிட்டு, மாநில ஆணையத்தின் மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்தது. நடுவில் கொரோனா வந்தது. நுகர்வோர் சட்டமே மாறி, 2020 ஜூலையில் 2019-ஆம் வருடச் சட்டம் அமலுக்கு வந்தது; மன்றம் ஆணையம் ஆயிற்று. பெயர்ப்பலகை மட்டும் முன்னால் வந்தது, தீர்ப்பு பின்னால் வந்தது.

அந்தத் தாமதத்தால் ஒரு லாபம். 2021 டிசம்பரில் மன்மோகன் நந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அமெரிக்காவுக்குப் போகப் பயணக் காப்பீடு எடுத்தவர். சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியதுமே உடம்பு கெட்டு மூன்று ஸ்டென்ட் வைக்க நேர்ந்தது. சர்க்கரை இருப்பதை முன்பே சொல்லியிருந்தும், கொழுப்புக்கு மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லை என்று கம்பெனி கையை விரித்தது. ஆளின் உடல்நிலையை எடைபோட்டுப் பாலிசி கொடுத்துவிட்டு, க்ளெய்ம் வந்தபின் அதையே காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்றது நீதிமன்றம். எங்கள் வழக்கு அதைவிட எளியது. எங்களிடம் மறைக்க நோயே இல்லை. 2022-இல் மேல்முறையீடு தள்ளுபடி ஆயிற்று. பணம் வந்தது. நகை அதற்கு முன்பே, கடன் வாங்கி, மீண்டுவிட்டது.

இந்த வழக்கால் ஊரில் எனக்குக் கொஞ்சம் பெயர் கிடைத்தது. அதனால் வந்த ஒரு தொல்லையைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் சேரப் போகிறவர்கள், சில சமயம் சேர்ந்த பிறகே, போன் செய்கிறார்கள்: "சார், டாக்டர் கேட்டா எத்தன வருஷமா சுகர்னு சொல்லட்டும்?" வழக்குப் போட்டபின் வக்கீலைக் கேட்பது ஒரு வகை. மயக்க ஊசி போடுமுன் வக்கீலைக் கேட்பது என்ன வகை? உண்மையைச் சொல்லுங்கள், க்ளெய்ம் போனால் போகட்டும், சர்க்கரையை மறைத்து ஆபரேஷன் மேசையில் படுத்தால் எந்த ஆணையமும் உயிரை வட்டியோடு திருப்பித் தராது என்று கத்துகிறேன். கேட்டுக்கொள்கிறார்களா என்பது வேறு. ஒருமுறை, அப்பாவுக்கு இருந்த வலிப்பு நோயைச் சொல்லவே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டு, என் சம்மதத்துக்காக மட்டும் ஒரு மகன் கூப்பிட்டான். படித்தவன், பொறியாளன். அவனைத் திட்டிய திட்டில் என் ஜூனியர் எழுந்து வெளியே போய்விட்டார்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சும்மா இருக்கவில்லை. 2024-இல் முன்னிருந்த நோய்களுக்கான காத்திருப்பை 36 மாதமாகக் குறைத்தது. ஐந்து வருஷம் தொடர்ந்து பிரீமியம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, மறைத்தாய் என்று சொல்லி மறுக்க முடியாது. முன்பு இது எட்டு வருஷம். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் பதில், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்தில் முடிவு என்றும் விதி வந்திருக்கிறது. நல்ல விதிகள். அண்ணாச்சி மாதிரி நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இவற்றால் என்ன என்பதுதான் கேள்வி. திட்ட அட்டை வாங்க வருமானம் அதிகம். பாலிசி வாங்க நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை, நாட்டில் ஏறக்குறைய நாற்பது கோடிப் பேர், எந்தத் திட்டத்திலும் சேராத, தாமாகவும் காப்பீடு வாங்காத இந்த நடுக்கூட்டம் என்று கணக்குச் சொல்லியது.

பாலிசி ரத்தான நாளிலிருந்து அண்ணாச்சி மாத்திரைக்கு அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார். ஓபி சீட்டுக்கு வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் 1994-இல் மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கி, மருந்துகளை மொத்தமாக வாங்கி, பரிசோதித்து, கிடங்கு கிடங்காக அனுப்பும் முறையைக் கொண்டுவந்ததன் பலன், அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் தொங்கும். அவரும் லோடுமேனும் ஒரே நாளில் போவார்கள். முதலாளியை லோடுமேன் ஸ்கூட்டரில் பின்னால் வைத்து ஓட்டிக்கொண்டு போவதைப் பஜாரில் பார்த்திருக்கிறேன்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்று அறிவிப்பு வந்ததும், அண்ணாச்சி கடைக்குப் புது ஏஜென்ட் ஒருவர் வந்திருக்கிறார். பதினெட்டு சதவீதம் மிச்சம், இதுதான் சமயம் என்று. இந்தத் தடவை அண்ணாச்சி படிவத்தை என் ஆபீசுக்கே கொண்டுவந்தார். ஒவ்வொரு கட்டமாகப் படித்துச் சொல்லச் சொல்லி, அவரே டிக் போட்டார். ஸ்டென்ட், வருடம், ரத்தக்கொதிப்பு, சாப்பிடும் மாத்திரை, முன்பு ரத்தான பாலிசி, ஆணையத்தின் உத்தரவு நகல் எல்லாம் வைத்தோம். கம்பெனி மறுக்கவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து, கூடுதல் ஆபத்துக்கான தொகையும் உள்பட, வருஷத்துக்கு 58,000 ரூபாய் என்றது. இதயத்துக்கு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும்.

அண்ணாச்சி கடைக்காரர். தாளின் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டார்.

"சார், கவர்மென்ட் வெச்ச வெலைக்கு, இந்தத் துட்டுல வருஷத்துக்கு ஒரு ஸ்டென்ட் வாங்கி பீரோவுல வெச்சுக்கிடலாம் போலிருக்கே."

வைத்துக்கொள்ளலாம், பொருத்துவதற்கு ஆள் வேண்டுமே என்றேன். அதற்குத்தான் பெரியாஸ்பத்திரி இருக்கிறதே என்றார். ஆனால் படிவத்தைக் கிழித்துப் போடவில்லை. மனைவிக்கு ஒரு வியாதியும் இல்லை, அவளையாவது தனியாகப் போட்டுவிடலாமா, எவ்வளவு வரும் என்று கேட்டு எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு, லோடுமேன் கீழே ஹாரன் அடிக்க, எழுந்து போனார்.